கடுகண்ணாவை இறக்கமும் ஒரு மஞ்சள் விளக்கும்

கண்டியில் கார் வைத்திருப்பவர்களிடம் எந்தப் பழுதைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தாலும் அது கடைசியில் பிரேக்கில்தான் வந்து நிற்கும். ஊர் அப்படி. கொழும்புக்கு இறங்க வேண்டுமானால் கடுகண்ணாவை. நுவரெலியாவில் இருந்து வருவதென்றால் 1,868 மீட்டர் உயரத்தில் தொடங்கி றம்பொடை, புசல்லாவை வழியாகக் கம்பளை வரை இறக்கம். மஹியங்கனைப் பக்கம் போனால் ஹசலக்கைக்கு முன்னால் அந்தப் பதினெட்டு வளைவுகள். ஊருக்குள்ளேயே ஹந்தானையிலும் அம்பிட்டியிலும் சில வீட்டு வாசல்களில் காரை நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைக்காமல் உள்ளே போக மனம் வராது. இப்படியான இடத்தில் டாஷ்போர்டில் ‘ஏபிஎஸ்’ என்ற மஞ்சள் விளக்கு அணையாமல் நின்றால் ஒருவர் பயந்து வண்டியை எடுக்கவே மாட்டார். இன்னொருவர், “அது சும்மா எரியுது, பல்பைக் கழட்டிவிட்டா சரி” என்பார். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொல்லப் போகிறேன். பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக உட்காருங்கள்.

ஏபிஎஸ் என்ன செய்கிறது என்பதில் தொடங்குவோம். மழையில் நனைந்த தார் ரோட்டில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் சுழலாமல் இறுகிவிடும். இறுகிய சக்கரம் வழுக்கிக்கொண்டே போகும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. அந்த இறுக்கத்தை விடுவிப்பதுதான் ஏபிஎஸ்ஸின் வேலை. நான்கு சக்கரத்திலும் ஒவ்வொரு சென்சர் இருக்கிறது. சக்கரத்தோடு சுழலும் வளையத்தின் பற்கள் சென்சரைக் கடக்கும்போதெல்லாம் ஒரு துடிப்பு போகும். வளையத்தில் 48 பற்கள், டயரின் சுற்றளவு 1.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 260க்கு மேற்பட்ட துடிப்புகள். நான்கில் ஒன்றின் துடிப்பு மட்டும் திடீரென்று விழுந்தால், காரே அவ்வளவு சீக்கிரம் நின்றிருக்க முடியாது, சக்கரம்தான் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று கணினி கண்டுகொள்ளும். உடனே அந்தச் சக்கரத்துக்குப் போகும் பிரேக் ஒயிலை ஒரு வால்வு அடைக்கும். அதுவும் போதாவிட்டால் இன்னொரு வால்வு திறந்து அழுத்தத்தைக் குறைக்கும். வெளியேறிய ஒயிலைப் பம்ப் திருப்பித் தள்ளும். இதெல்லாம் வினாடிக்குப் பல தடவை நடக்கும். காலில் பெடல் டக் டக் என்று உதைப்பது அதனால்தான். அந்த நேரத்தில் பயந்து காலை எடுக்கக் கூடாது, பழைய லொறிப் பழக்கத்தில் விட்டு விட்டு மிதிக்கவும் கூடாது. மிதித்தபடியே தடையைச் சுற்றித் திருப்ப வேண்டும். ஏபிஎஸ் இருக்கிறதே என்ற தைரியத்தில் முன்னால் போகும் பஸ்ஸின் பின்பம்பரை ஒட்டிக்கொண்டு போகிறவர்கள் அதைத் தவறாக விளங்கிக்கொண்டவர்கள். சரளைக்கல் ரோட்டில் ஏபிஎஸ் உள்ள வண்டி நிற்பதற்குக் கொஞ்சம் கூடுதல் தூரம்தான் எடுக்கும்.

ஒருகாலத்தில் இது பணக்காரர் சமாச்சாரம். விமானங்களுக்கென்று டன்லொப் செய்த கருவியை 1966இல் இங்கிலாந்தின் ஜென்சன் எஃப்எஃப் காரில் போட்டார்கள். பொஷ் செய்த இலத்திரனியல் ஏபிஎஸ் 1978இல் மெர்சிடிஸ் எஸ் கிளாஸில் வந்தது. இன்று கட்டுகஸ்தோட்டைச் சந்தைக்கு வரும் வேகன் ஆரிலும் அது இருக்கிறது.

இனி விளக்கு. சாவியைத் திருப்பியதும், அல்லது பட்டனை அழுத்தியதும், ஏபிஎஸ் விளக்கு எரிந்து சில வினாடியில் அணைய வேண்டும். அதுதான் சுகமான வண்டி. அணையாமல் நின்றாலோ ஓடும்போது திடீரென்று பற்றிக்கொண்டாலோ, கணினி ஏதோ கோளாறைக் கண்டு ஏபிஎஸ்ஸை மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறது என்று அர்த்தம். சாதாரண காரில் மஞ்சள் மட்டும் எரிந்தால் வழக்கமான பிரேக் இருக்கும். மெதுவாக, இடைவெளி விட்டு, சிறிய கியரில் ஓட்டிக்கொண்டு கராஜுக்குப் போகலாம். மஞ்சளோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் கதை வேறு. ஒயில் குறைந்திருக்கலாம், அல்லது முன் பின் சக்கரங்களுக்குப் பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் ஏற்பாடும் சேர்ந்து நின்றிருக்கலாம். அந்தப் பங்கீடு இல்லாவிட்டால் ஓங்கி மிதிக்கும்போது பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் சுற்றி முன்னுக்கு வரப் பார்க்கும். அந்த நிலையில் கடுகண்ணாவையில் இறங்க வேண்டாம். இறக்கத்துக்கு முன்னாலேயே, டோசன் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஓரங்கட்டிவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

சாவியைத் திருப்பும்போது விளக்கு எரியவே இல்லையென்றால்? அதுதான் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது. பழைய வண்டியை விற்கிறவர் பல்பைக் கழற்றியிருப்பார். கார் பார்க்கப் போகிறவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதற்கு முன்னால் இந்தச் சில வினாடிகளைக் கவனிக்க வேண்டும்.

இப்போது இந்த மஞ்சள் விளக்குப் புகார் அதிகமாகக் காதில் விழுவதற்குக் காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் வேறு வழியில்லாமல் இருந்த கார்களையே ஓட்டினோம். பெயரிங்குகள் தேய்ந்தன, சென்சர் வயர்களின் ரப்பர் வெடித்தது, கிடைத்த பாகத்தைப் போட்டுச் சமாளித்தோம். அந்தச் சமாளிப்புகள்தான் இன்றைக்கு மஞ்சள் விளக்காக எரிகின்றன.

கராஜில் முதலில் ஸ்கேனரைக் குத்துவார்கள். குத்தட்டும், அது சரியான தொடக்கம்தான். ஆனால் மலிவாகக் கிடைக்கும் புளூடூத் டொங்கிள்கள் பெரும்பாலும் எஞ்சின் குறியீடுகளோடு நின்றுவிடும், ஏபிஎஸ் பக்கம் போகாது. “கோட் ஒண்ணுமே இல்ல” என்று ஒருவர் சொன்னால் எந்தக் கருவியில் பார்த்தார் என்று கேளுங்கள். டொயோட்டா வைத்திருப்பவர்களுக்கு ஸ்கேனர் இல்லாத பழைய வழி ஒன்றும் உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 துளைச் செருகியில் 4ஆம் துளையையும் 13ஆம் துளையையும் ஒரு வயர்த்துண்டால் இணைத்துவிட்டு வண்டியை ஓன் செய்தால் ஏபிஎஸ் விளக்கு சிமிட்டத் தொடங்கும். ஒரே சீராகச் சிமிட்டினால் குறியீடு ஏதும் இல்லை. மூன்று தரம் சிமிட்டி, நிறுத்தி, ஒரு தரம் சிமிட்டினால் 31, அதாவது வலது முன்சக்கரம். 32 இடது முன், 33 வலது பின், 34 இடது பின். ஸ்கேனரில் இவையே சி0200, சி0205, சி0210, சி0215 என்று வரும். 16ஆம் துளையில் எப்போதும் பெட்டரி மின்சாரம் நிற்கும், அதைத் தொட்டுவிடாதீர்கள். துளை எண்ணில் சந்தேகம் இருந்தால் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

காசு வீணாகிற இடம் இனித்தான் வருகிறது. ‘இடது முன்சக்கர சென்சர்’ என்று ஸ்கேனர் திரையில் வந்தவுடன் சென்சரை மாற்றச் சொல்லிவிடுவார்கள். குறியீடு தருவது விலாசம் மட்டும். அந்த வீட்டில் யார் திருடன் என்று அது சொல்வதில்லை. அந்த விலாசத்தில் சென்சர் இருக்கிறது, வளையம் இருக்கிறது, பெயரிங் இருக்கிறது, வயர் இருக்கிறது, அந்த வயரின் மறுமுனையில் கணினியும் இருக்கிறது.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு கராஜில் பார்த்தது இது. ஒரு பாடசாலை ஆசிரியரின் சின்ன ஜப்பான் கார். இடது முன்சக்கரத்தில் இரைச்சல் வந்ததால் வேறோர் இடத்தில் பெயரிங் மாற்றியிருக்கிறார். இரைச்சல் போய்விட்டது, ஆனால் அங்கிருந்து வெளிக்கிட்டு ரோட்டில் ஏறியதுமே ஏபிஎஸ் விளக்கு வந்துவிட்டது. சென்சர் போய்விட்டது என்றார்கள், புதிது வாங்கிப் போட்டார், விளக்கு அசையவில்லை. வால்வும் பம்ப்பும் கணினியும் சேர்ந்த ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்ற கட்டத்தில்தான் இங்கே வந்திருந்தார்.

கராஜ் பாஸ் கேட்டது ஒரே கேள்வி. “சேர், லைட் வந்தது பெயரிங் போடுறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?”

“பின்னாலதான் தம்பி.”

“அப்ப சென்சர் பாவம், அத விடுங்க.”

சென்சரைக் கழற்றினார். ஒரு குண்டூசியை நூலில் கட்டி, சென்சர் இருந்த துவாரத்துக்குள் இறக்கினார். ஊசி சும்மா தொங்கியது. காரின் மறுபக்கம் போய் வலது சக்கரத்திலும் அப்படியே செய்தார். அங்கே ஊசி ஒரு பக்கமாக இழுபட்டுப் போய் ஒட்டியது. ஆசிரியர் குனிந்து இரண்டையும் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

நடந்தது இதுதான். பழைய ஏபிஎஸ்ஸில் கண்ணுக்குத் தெரியும் இரும்புப் பல் வளையம் இருக்கும். இப்போதைய பல கார்களில் அது இல்லை. பெயரிங்கின் ஒரு பக்கத்துச் சீலுக்குள்ளேயே வட துருவமும் தென் துருவமுமாக மாறி மாறிக் காந்தமேற்றிய பட்டை இருக்கிறது. அந்தப் பக்கம் சென்சரைப் பார்த்து இருக்க வேண்டும். தலைகீழாக அழுத்திவிட்டால் பெயரிங் பெயரிங்காக ஒழுங்காகச் சுழலும், ஆனால் சென்சருக்கு ஒரு துடிப்பும் கிடைக்காது. பார்வைக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். காந்தப் பக்கத்துச் சீல் பெரும்பாலும் கறுப்பாகவோ கபில நிறமாகவோ இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். மலிவான பெயரிங் சிலவற்றில் காந்தப் பட்டையே இருக்காது. அழுத்தி வெளியே எடுத்த பெயரிங்கைத் திரும்பப் போடவும் முடியாது, எடுக்கும்போதே அதன் உள்பாதை அடிபட்டுவிடும். ஆசிரியர் இரண்டாம் தரமும் பெயரிங் வாங்கினார். வீணாக வாங்கிய சென்சர் அவருடைய டிக்கியில் இருக்கிறது. காந்தப் புலம் தெரியும் பச்சை நிற அட்டை ஒன்று விற்பனையில் உண்டு. அதைப் புதிய பெயரிங்கின் மேல் வைத்தால் கோடுகள் தெரியும். பெயரிங் வேலை செய்கிற எந்தக் கராஜும் அதை வாங்கி வைக்கலாம், வீண் வேலை ஒன்று குறையும்.

சென்சரைச் சோதிப்பதிலும் ஒரு பிசகு அடிக்கடி நடக்கிறது. பழைய வகை சென்சர் உள்ளே வெறும் கம்பிச்சுருள். மீட்டரை ஓம்ஸில் வைத்தால் பெரும்பாலும் ஆயிரம், இரண்டாயிரம் ஓம் அளவில் காட்டும். மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றிவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் சிறிய மின்னழுத்தம் துள்ளும். இருபக்க முன்சக்கரங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். புதிய வகைக்குள் மின்னணுச் சுற்று இருக்கிறது. காந்தம் கடக்கும்போது அதன் மின்னோட்டம் 7 மில்லி அம்பியருக்கும் 14 மில்லி அம்பியருக்கும் இடையில் மாறி மாறி நிற்கும். அதில் ஓம் பார்ப்பதில் பயனில்லை, வருகிற எண்ணை வைத்து நல்ல சென்சரைக் குப்பையில் போடத்தான் உதவும். அதற்குச் சரியான வழி ஸ்கேனரில் நான்கு சக்கர வேகத்தையும் ஓட விட்டுப் பார்ப்பது. நேர் ரோட்டில் 30 கிலோமீட்டரில் போகும்போது மூன்று 30 காட்ட, ஒன்று 0 காட்டினால் விஷயம் வெளிச்சம். நான்கில் ஒன்று மட்டும் நிரந்தரமாகக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் டயர்களைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வேறு அளவு டயர் போட்டிருந்தாலும் கணினி குழம்பும்.

விளக்கே வராமல் வருகிற பழுதும் உண்டு. மணிக்கூட்டுக் கோபுரத்தடி நெரிசலில், காய்ந்த ரோட்டில், மெதுவாக நிற்கப் போகும் கடைசிக் கணத்தில் பெடல் உதைக்கிறது, வண்டி கொஞ்சம் முன்னுக்கு வழுகுகிறது. பிரேக் பிடிக்கவில்லை என்று பேட்களை மாற்றுவார்கள், டிஸ்க்கைக் கடைவார்கள். பல் வளையத்தில் வெடிப்பு இருந்தாலும், சென்சருக்கு அடியில் துரு ஏறி அதை வளையத்தில் இருந்து தள்ளி வைத்திருந்தாலும் இப்படித்தான் நடக்கும். வேகம் குறையும்போது துடிப்பு மெலிந்து தப்பிப்போகிறது. சக்கரம் பூட்டிவிட்டது என்று நினைத்துக் கணினி பிரேக்கை விடுவிக்கிறது. சென்சரைக் கழற்றி, அது உட்காரும் இடத்தைச் சுரண்டித் துருவை எடுத்தால் பல வண்டிகள் அத்தோடு சரியாகிவிடும். கழற்றும்போது இழுத்து உடைத்துவிடாதிருக்க வேண்டும். பல வருட மழை பார்த்த சென்சர், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளோடு ஒட்டிப்போயிருக்கும்.

வயர்களைப் பற்றி நீட்டத் தேவையில்லை. முன்சக்கர வயர் ஒவ்வொரு வளைவிலும் மடிந்து நிமிர்கிறது, நம் ரோட்டில் அது எத்தனை ஆயிரம் தரமோ. மேலே ரப்பர் நன்றாக இருந்தும் உள்ளே செம்பு அறுந்திருக்கும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்தால் மட்டும் விளக்கு வருகிறதென்றால் அங்கேதான் தேட வேண்டும். சர்விஸ் ஸ்டேஷனில் வண்டியைத் தூக்கி அடிப்பக்கத்துக்குத் தண்ணீர் பீய்ச்சிய மறுநாள் வருகிற விளக்கு, செருகிக்குள் புகுந்த ஈரம். கண்டியில் எல்லாரும் குரங்கைத்தான் திட்டுவார்கள். வயர் விஷயத்தில் குரங்கு நிரபராதி, எலிதான். பெட்டரியையும் மறக்கக் கூடாது. பலவீனமான பெட்டரியாலேயே ஏபிஎஸ் விளக்கு வரும், டொயோட்டாவில் அதற்குத் தனியாகச் சி1241 என்று குறியீடு இருக்கிறது. எஞ்சின் ஓடாமல் ஓய்ந்து நிற்கும்போது 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும்.

ஹைப்ரிட் கார்களுக்குத் தனியாக ஒரு கோப்பை தேநீர் வேண்டும். பிரியஸிலும் அக்வாவிலும் பிரேக் பெடல் சாதாரண நேரத்தில் சக்கரத்தோடு நேராகப் பேசுவதில்லை. நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்பதைக் கணினி அளந்து, மோட்டரை எவ்வளவு பிடிக்க வைப்பது, பேட்களை எவ்வளவு பிடிக்க வைப்பது என்று பிரிக்கிறது. அதற்கான அழுத்தத்தை ஒரு பம்ப் தயாராகச் சேமித்து வைத்திருக்கும். அதனால் இங்கே மஞ்சள் விளக்கோடு மற்ற விளக்குகளும் அலாரமும் சேர்ந்து வந்தால் ‘பிரேக் வழக்கம்போல இருக்கும்’ என்ற ஆறுதல் செல்லாது. 2010 பெப்ரவரியில் மூன்றாம் தலைமுறைப் பிரியஸ் உட்பட 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஹைப்ரிட்களை டொயோட்டா திரும்ப அழைத்தது, ஏபிஎஸ் மென்பொருளைத் திருத்துவதற்காக. மேடுபள்ளத்திலும் வழுக்கும் ரோட்டிலும் பிரேக் ஒரு கணம் விட்டுப் பிடிப்பது போன்ற உணர்வு என்பது அப்போதைய புகார். 2013 ஜூனில் இன்னொரு அழைப்பு, ஏறக்குறைய 2 லட்சத்து 42 ஆயிரம் வண்டிகள். அழுத்தத்தைச் சேமிக்கும் பாத்திரத்தில் வெடிப்பு வந்து நைதரசன் வாயு ஒயிலுக்குள் கசியலாம் என்பது அதன் காரணம். நம்மிடம் இருப்பவற்றில் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடி இங்கே வந்தவை. டொயோட்டாவின் ஜப்பான் இணையப் பக்கத்தில் சேஸி இலக்கத்தைக் கொடுத்தால் திருத்த வேலை மிச்சம் இருக்கிறதா என்று தெரியும்.

பிரியஸில் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை காதால் கேட்பது. சாரதிப் பக்கக் கதவைத் திறந்தவுடன் முன்பக்கத்தில் ‘ம்ம்ம்’ என்று பம்ப் ஓடி நிற்கும், அது இயல்பு. பெடலைத் தொடாமலே கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அது ஓடிக்கொண்டே இருந்தால் சேமித்த அழுத்தம் உள்ளுக்குள் கசிகிறது. ஸ்கேனரில் சி1391 என்று வந்தால் அந்தச் சந்தேகம் உறுதியாகும். இந்தப் பம்ப் தானாக ஓடும் என்பதில் ஆபத்தும் இருக்கிறது. பேட் மாற்றுவதற்காகக் கலிப்பரைக் கழற்றி வைத்திருக்கும் நேரத்தில் யாராவது கதவைத் திறந்தால் பம்ப் அழுத்தம் கொடுத்துப் பிஸ்டனை வெளியே தள்ளிவிடும். விரல் அங்கே இருந்தால் விரலும் போகும். ஸ்கேனர் மூலம் பிரேக் கட்டுப்பாட்டை நிறுத்திவிட்டுத்தான் வேலையில் இறங்க வேண்டும்.

இறக்கத்தில் ஹைப்ரிட்டின் ‘பி’ (B) கியர் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடலாம். நீண்ட இறக்கத்தில் மோட்டர் பிடித்துப் பிடித்து ஹைப்ரிட் பெட்டரி நிறைந்துவிடும். அதற்குப் பிறகு பாரமெல்லாம் பேட்களின் தலையில். ‘பி’ போட்டால் எஞ்சின் அந்தப் பாரத்தில் பங்கு எடுத்துக்கொள்ளும்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் ஏபிஎஸ் யூனிட் மீது கை வைக்க வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த யூனிட் கிடைக்கும், ஆனால் பார்வைக்கு ஒரே மாதிரி இருப்பது போதாது, பாக இலக்கம் பொருந்த வேண்டும். ஐரோப்பியக் கார் சிலவற்றில் யூனிட்டின் கணினிப் பலகையில் ஈயப்பற்றுகள் வெடித்திருக்கும். திறந்து திரும்பப் பற்றவைப்பவர்கள் இருக்கிறார்கள், அது முழு யூனிட்டை விட எவ்வளவோ மலிவு. யூனிட் சீக்கிரம் போவதற்குப் பழைய பிரேக் ஒயிலும் ஒரு காரணம். ஒயில் காற்றில் இருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகையில் கொதிக்கும், ஈரம் ஏறினால் 140 வரை இறங்கலாம். டொட் 4க்கு அது 230, 155. அதே ஈரம் வால்வுகளுக்குள் துருவாகவும் நிற்கும். நம் மழைக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது அதிகம் இல்லை. யூனிட்டைக் கழற்றிப் பூட்டினால் காற்று வெளியேற்றுவதும் பழைய முறையில் இருவர் சேர்ந்து, ஒருவர் மிதிக்க ஒருவர் திருகுவது மட்டும் போதாமல் போகலாம். பல வண்டிகளில் ஸ்கேனரில் இருந்து வால்வுகளையும் பம்ப்பையும் ஓட விட்டால்தான் உள்ளே அகப்பட்ட காற்று வெளியே வரும்.

வேலை முடிந்ததும் குறியீட்டை அழிப்பார்கள். அழித்தவுடன் விளக்கு அணைவதை நம்ப வேண்டாம். கொஞ்சத் தூரம் ஓட்டி, நான்கு வேகமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குவதைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். வழுக்கலைத் தடுக்கும் ஏற்பாடும் சேர்ந்துள்ள டொயோட்டாவில் யூனிட்டோ சாய்வு சென்சரோ மாற்றினால் பூச்சிய நிலையைக் கணினிக்குக் கற்பிக்க வேண்டும். கற்பிக்காவிட்டால் சி1210, சி1336 என்ற குறியீடுகளோடு விளக்கு திரும்ப வரும். அதைச் செய்யும்போது வண்டி ஆடாமல் அசையாமல் சமதரையில் நிற்க வேண்டும். கண்டியில் அதுதான் கஷ்டம். பாதிக் கராஜ்களின் முற்றம் மலைச்சரிவில் இருக்கிறது. சரிவில் நிற்கும் காருக்கு ‘இதுதான் சமம்’ என்று சொல்லிக்கொடுத்தால் அது அப்படியே நம்பிக்கொள்ளும். அந்த வேலைக்கு மட்டும் பக்கத்தில் எங்கேயாவது தட்டையான கொங்கிரீட் தரைக்கு வண்டியைக் கொண்டுபோய்ச் செய்யச் சொல்லுங்கள். பாஸ் முகம் சுளித்தால், முற்றத்தில் ஒரு போத்தலைப் படுக்க வைத்து உருளுகிறதா என்று அவருக்கே காட்டலாம்.